கல்லுப்பு சேர்மமா கலவையா? ஒன்பதாவது பாடத்துல ஒரு சந்தேகம்

சாயல்குடிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். என் மக ஒன்பதாவது படிக்கிறா, தமிழ் மீடியம். தனிமம், சேர்மம், கலவைன்னு பாடம் ஓடுது. உப்பு சேர்மம், கடல்தண்ணி கலவைன்னு படிச்சுட்டு வந்து கேக்குறா, நம்ம வாலிநோக்கம் பக்கம் கடல்தண்ணிய பாத்தி கட்டி வெயில்ல வத்த வச்சுத்தானே உப்பு வாருறாங்க, கலவைல தண்ணி மட்டும் போனா மிச்சம் எப்படிம்மா ஒரே சேர்மமா ஆகும், அதுல கெடந்த மத்ததெல்லாம் எங்க போச்சுன்னு. கேள்வி நியாயமாத்தான் இருக்கு, எனக்குத்தான் பதில் தெரியல. வீட்டுல ஜாடில கெடக்குற கல்லுப்ப எதுல சேக்குறது?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
புள்ள அருமையா கேட்டிருக்குங்க அக்கா, முதல்ல அத பாராட்டிருங்க. பாடத்துல உப்புன்னா அது சோடியம் குளோரைடு மட்டும். அது சேர்மம்தான், ஏன்னா எந்த ஊரு உப்புலயும் 100 கிராம் சோடியம் குளோரைடு எடுத்தா சுமார் 39 கிராம் சோடியம், 61 கிராம் குளோரின், இந்த கணக்கு மாறவே மாறாது. கடல்தண்ணிக்கு அப்படி கிடையாது, மழை பேஞ்சா கரையோரம் உப்பு கொறையும், கோடைல கூடும், ஆனாலும் கடல்தண்ணிதான். ஒரு லிட்டர்ல ஏறக்கொறைய 35 கிராம் உப்புகள் கரைஞ்சிருக்கும், அதுல முக்கால்வாசிக்கு மேல சோடியம் குளோரைடு, மிச்சம் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள்.

பிரிக்கிறதுலயும் வித்தியாசம் இருக்கு. தண்ணிய பிரிக்க வெயில் போதும். சோடியத்தையும் குளோரினையும் பிரிக்கணும்னா உப்ப 801 டிகிரி செல்சியஸ்ல உருக்கி கரண்டு விடணும்.

ஜாடில இருக்குறது கலவை. பரீட்சைல மட்டும் 'சாதாரண உப்பு'ன்னு கேட்டா சேர்மம்னு எழுதச் சொல்லுங்க.

அளத்து வீட்டுப் பையன்:
மத்ததெல்லாம் எங்க போச்சுன்னு தங்கச்சி கேட்டதுக்கு நான் சொல்றேன், எங்கப்பா அளத்துலதான் வேல பாக்குறாரு. எல்லாம் ஒரே நேரத்துல படியாதுக்கா. தண்ணி பாத்தி பாத்தியா மாறி கெட்டியாகிட்டே வரும்போது உப்பு விழுறதுக்கு முன்னாடியே ஜிப்சம் (அது ஒரு கால்சியம் உப்பு) அடில படிஞ்சிரும், அப்புறம் சுமார் 25 டிகிரி வந்தாத்தான் உப்பு பூக்க ஆரம்பிக்கும் (இது சூடு இல்ல, தண்ணி எவ்வளவு கெட்டின்னு மீட்டர் போட்டு பாக்குறது). 29, 30 வரைக்கும் விட்டுட்டு மிச்சத் தண்ணிய வெளிய விட்டுரணும், அதுலதான் மக்னீசியம் பூரா நிக்கும், நாக்குல வச்சா அப்படி கசக்கும். அதுல கொஞ்சம் உப்போட ஒட்டிக்கிட்டு வந்துருது பாருங்க, அதுதான் ஐப்பசி கார்த்திகைல ஜாடி உப்பு தண்ணி விட்டு நசநசன்னு கெடக்குறது, மக்னீசியம் குளோரைடு காத்துல உள்ள ஈரத்த இழுத்துரும்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
தம்பி சொன்ன அந்த கசப்புத் தண்ணிலதான் புரோமின்ங்கிற தனிமத்தையே கண்டுபுடிச்சாங்க, 1826ல, பிரான்ஸ்ல பலார்டுங்கிறவர் உப்பளத்துல மிஞ்சின தண்ணிய ஆராய்ஞ்சப்போ. வேண்டாம்னு தொறந்து விடுற தண்ணிக்குள்ள ஒரு தனிமமே இருந்திருக்கு, புள்ளைட்ட கண்டிப்பா சொல்லுங்க.

வீட்டுலயே ஒண்ணு செஞ்சு பாக்கலாம். கண்ணாடி டம்ளர் தண்ணில ரெண்டு ஸ்பூன் கல்லுப்பு போட்டு கலக்கி அரமணி நேரம் அப்படியே வைங்க. அடில மண்ணு மெல்லிசா தங்கும், அந்த நிலைல அது பலபடித்தான கலவை, அதாவது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. வேட்டித்துணில வடிகட்டினா கெடைக்கிற தெளிஞ்ச தண்ணி ஒருபடித்தான கலவை, மேல எடுத்தாலும் அடில எடுத்தாலும் ஒரே கரிப்பு. மக்னீசியம் துணில நிக்காது, கரைஞ்சு போனதுல்ல.

சாயல்குடிக்காரி:
ரொம்ப நன்றி சார், தம்பிக்கும் நன்றி. படிச்சு காட்டுனதும் டம்ளர எடுத்துட்டு போய்ட்டா. அடுத்த கேள்வியும் வந்துருச்சு, கருப்பட்டியும் பாலும் எதுல வரும்?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
கருப்பட்டி கலவை, அதுக்குள்ள இருக்குற சுக்ரோஸ்ங்கிற சர்க்கரை சேர்மம். பாலும் கலவைதான், ஆனா அத கரைசல்னு சொல்லக்கூடாது, கூழ்மம், அதாவது கண்ணுக்குத் தெரியாத துகளுங்க கரையாம, அடிலயும் தங்காம பரவி நிக்கிறது. அதே உப்புத்தண்ணி டம்ளர் பக்கத்துல இன்னொரு டம்ளர் தண்ணில ரெண்டு சொட்டு பால் விட்டு பக்கவாட்டுல டார்ச் அடிங்க, பால் தண்ணில வெளிச்சம் போற பாதை கோடா தெரியும், உப்புத்தண்ணில தெரியாது. ரூம் நல்லா இருட்டா இருக்கணும், உப்புத்தண்ணிய வடிகட்டிட்டு செய்யுங்க, மண்ணு மெதந்தா அதுலயும் கோடு தெரிஞ்சு புள்ள கொழம்பிரும்.