மறு: ‘லீட்’ என்பதற்கு ‘நாடுநர்’ என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

‘லீட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துவருகிறேன். நம்மிடம் சேரக்கூடும், வாங்கக்கூடும் என்று பெயரும் எண்ணும் குறித்துவைக்கிறோமே, அந்த ஆளைத்தான் வியாபாரத்தில் ‘லீட்’ என்கிறார்கள். இதுவரை வந்தவை மூன்று சொற்கள்: முன்னணி, வாய்ப்பாளர், உசாவுநர். மூன்றையும் விட்டுவிட்டு நாலாவதாக ஒன்றைக் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை தென்காசியில் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பயிற்சி மையம் நடத்துகிறாள். ஒரு மாடி, இரண்டு வகுப்பறை. அவளிடம் ‘என்கொயரி நோட்டு’ என்று ஒரு நீள நோட்டு உண்டு. தேதி, பெயர், போன் நம்பர், நம்மை எப்படித் தெரியும், குறிப்பு என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பாள். குறிப்புக் கட்டத்தில்தான் உயிர் இருக்கும்: ‘சம்பளம் வந்ததும் சேருதேன்னார்’, ‘மாமியார்ட்ட கேட்டுச் சொல்லணுமாம்’, ‘கைக்குழந்தை, காலை பேட்ச் மட்டும்’. இந்த வருடம் அந்த நோட்டை ஒரு மென்பொருளுக்கு மாற்றினோம். மொழி தமிழ் என்று கொடுத்ததும் திரையில் ‘புதிய முன்னணியைச் சேர்’ என்று வந்தது. “முன்னணின்னா யாருண்ணே? டெஸ்ட்ல ஃபர்ஸ்ட் மார்க் எடுத்தவங்களா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறே இல்லை. அந்தத் தமிழைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ‘முன்னணி’யை இத்தோடு விட்டுவிடலாம்.

‘வாய்ப்பாளர்’ பற்றி. வாய்ப்பு யாருக்கு? மையம் நடத்துகிறவருக்கு. வந்து கேட்பவரை நமக்குக் கிடைக்கப்போகும் பணமாகப் பார்க்கும் சொல் அது. தவிர, ‘வாய்ப்பாளர்’ என்றவுடன் வாய்ப்புக் கொடுப்பவர் என்றும் பொருள்பட்டுவிடும்.

இந்த இழையில் ஐயா முன்வைத்த ‘உசாவுநர்’ இலக்கணப்படி அழகாக அமைந்த சொல். உசாவுதல் என்றால் விசாரித்தல். உசாத்துணை என்று நாம் ஏற்கெனவே எழுதுகிறோம், வேர் புதிதில்லை. ஆனால் தங்கையிடமும் அவளிடம் வேலை பார்க்கும் இரண்டு பேரிடமும் சொல்லிப் பார்த்தேன், மூவருமே பொருள் கேட்டார்கள். விளக்கிச் சொன்ன பிறகும் நாக்கில் நிற்கவில்லை. எழுத்தில் வாழ்கிற வேர்தான், பேச்சில் எங்கள் பக்கம் அது இல்லை. அலுவலகத்தில் நாளுக்கு ஐம்பது தடவை சொல்ல வேண்டிய சொல்லுக்கு இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

‘நாடுநர்’ அப்படியில்லை. வேலைவாய்ப்பு முகாம் பற்றிய மாவட்டச் செய்திக் குறிப்புகளைப் பாருங்கள், ‘வேலைநாடுநர்கள் கலந்துகொண்டு பயன்பெறலாம்’ என்று இருக்கும். குரூப் 4 படிக்கிற பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். ஆக, நாம் புதிதாக எதையும் செய்யவில்லை. புழக்கத்தில் இருப்பதில் முன்பாதியை எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான். பொருளும் இரு பக்கம் நிற்கிறது. நாடுதல் என்றால் தேடிச் செல்லுதல், ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்ற குறளில் போல ஆராய்தலும்கூட. பயிற்சி மையத்துக்குப் போன் போடுகிறவர் இரண்டையும்தான் செய்கிறார். நம்மைத் தேடி வருகிறார், நம்மைச் சோதித்தும் பார்க்கிறார்: ஃபீஸ் எவ்வளவு, பொதுத்தமிழ் யார் எடுக்கிறார், போன தடவை எத்தனை பேர் பாஸ்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆங்கிலத்தில் ‘லீட்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறுவேறு ஆட்களைப் போட்டு அடைத்திருக்கிறார்கள். கூகுள் மேப்பில் பயிற்சி மையம் என்று தேடி, விமர்சனங்களைப் படித்து, போன் பொத்தானை அழுத்துகிறவர் ஒருவர். இன்னொருவர் ஃபேஸ்புக் விளம்பரத்தில் விரல் பட்டவர். அந்த விளம்பரப் படிவத்தில் பெயரும் எண்ணும் அவருடைய கணக்கிலிருந்து தானாகவே நிரம்பிவிடும். இரண்டு தட்டில் அவர் நம் பட்டியலுக்கு வந்துவிடுவார். மறுநாள் கூப்பிட்டால், “நான் எதுவும் கேக்கலையே, நம்பர் எப்படிக் கெடச்சுது?” என்பார். தங்கை முதல் மாதம் இப்படி நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டாள். அனுப்பும் முன் விவரங்களை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் படிவ வகைக்கு மாற்றிய பிறகு பெயர்கள் குறைந்தன, பேச்சு சுமுகமானது.

முதலாமவர் நாடுநர். இரண்டாமவர் இன்னும் நாடவில்லை. யாரோ விற்கும் எக்செல் பட்டியலில் இருப்பவர்களோ நம்மை அறியவே மாட்டார்கள். இவர்களுக்கு வேறு சொல் வைப்போம். ‘திரட்டிய எண்’ என்பது எனக்குப் போதுமானதாகப் படுகிறது. ஆளையே குறிக்காமல் எண்ணை மட்டும் குறிக்கிறது, நம்மிடம் உண்மையில் இருப்பதும் அது மட்டும்தானே. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை முன்னிறுத்துகிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. யார் தாமாக வந்தவர், யாருடைய எண் நம்மிடம் வந்தது என்பதைச் சொல்லிலேயே பிரித்து வைத்தால் பட்டியலைப் பராமரிப்பவருக்கும் கைகொடுக்கும்.

இதிலிருந்து மற்றவை சுலபம். ‘லீட் ஜெனரேஷன்’, அதாவது இப்படிப்பட்டவர்களை வரவைப்பது: உருவாக்கம் வேண்டாம், மனிதர்களை நாம் உருவாக்குவதில்லை. ‘நாடுநர் வரவு’ போதும். ‘கோல்டு லீட்’, அதாவது ஆர்வம் குறைந்தவர்: ‘ஆறிய நாடுநர்’. பேச்சு ஆறிப்போச்சு என்று நாமே சொல்கிறோம், இரவல் இல்லை. ‘சோர்ஸ்’ கட்டத்துக்குத் தங்கையின் நோட்டில் இருக்கிற ‘எப்படித் தெரியும்’ என்பதையே வைக்கலாம், அதைவிடத் தெளிவாக என்னால் யோசிக்க முடியவில்லை.

‘ஃபனல்’ பற்றி ஒரு வார்த்தை. கேட்பவர் சேரும்வரை கடக்கிற கட்டங்களின் வரிசைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் அது. அதைப் ‘புனல்’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலில் மேலே ஊற்றியது முழுக்கக் கீழே வந்துவிடும். இங்கே நூறு பேர் கேட்டால் பத்துப் பேர் சேர்ந்தாலே பெரிது. மற்றவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் விலகிப்போகிறார்கள். அடுத்தடுத்து வைத்த சல்லடைகள் என்றால் நடப்பது கண்ணுக்குத் தெரியும். ‘சல்லடை வரிசை’ என்று எழுதிப் பார்க்கிறேன், தனி இழையில் பேசுவோம்.

நாடுநரா நாடுனரா என்று கேட்பீர்கள். ஓட்டுநர், பயிற்றுநர் வழியில் ‘ந’ எழுத்துதான். ‘நாட்டினர்’ என்பதோடு குழம்புமோ என்று இந்த இழையில் அக்கா எழுப்பிய ஐயத்துக்கு: ஒலியிலும் எழுத்திலும் போதிய தூரம் இருக்கிறது, வாக்கியத்தில் வைத்துப் படித்தால் இடறவில்லை. ‘இன்று ஏழு நாடுநர், இருவர் சேர்ந்தனர்’ என்று தங்கை நேற்று வாட்ஸ்அப்பில் எழுதினாள்.

நான் வேலை பார்க்கும் தமிழாக்கக் கோப்பில் இந்தச் சொல் 46 இடத்தில் வருகிறது. ஞாயிறு இரவு ஏற்ற வேண்டும். ‘திரட்டிய எண்’ணுக்கு இதைவிட நல்லது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.