சூடானால் மூன்றாம் கியரிலேயே மாட்டிக்கொள்கிறது: 1996 வீரா 1.6 ஆட்டோ

லிந்தாங் ரோட்டுக்காரன், சுங்கை சிப்புட்:

வணக்கம். காடி (கார்) 1996 புரோட்டான் வீரா 1.6, நாலு கியர் ஆட்டோ. அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றபோது சேமநிதிப் பணத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இத்தனை வருடம் ஒரு குறையும் வைக்கவில்லை. இப்போது அவருக்கு வாரம் மூன்று நாள் ஈப்போவில் டயாலிசிஸ். நான்தான் அழைத்துப் போகிறேன், அதனால் இந்தக் காடி வழியில் கைவிடக் கூடாது.

காலையில் கிளம்பும்போது நாலு கியரும் பட்டுப்போல் மாறும். செம்மோர் பக்கம் போனதும் ஒரு உதறல், அதோடு மூன்றிலேயே நின்றுவிடும். 90-ல் போனால் ஆர்.பி.எம். ஊசி 3500 பக்கம் நிற்கிறது. விளக்கில் நின்று கிளம்பினால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி மாதிரி நகரவே யோசிக்கும். ஓரங்கட்டி, சாவியை அணைத்து மறுபடி போட்டால் சரி. பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் அதே கதை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும், 3800 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கியர் எண்ணெய் சிவப்பாகத்தான் இருக்கிறது, தீய்ந்த வாடை இல்லை. ஸ்பீட் மீட்டரும் ஒழுங்காக ஓடுகிறது, ஆகவே வேகத்தை எண்ணும் சென்சர் கோளாறாக இருக்காது என்று நினைக்கிறேன். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

பழைய போமன், பாகான் செராய்:

தம்பி, கியர் பெட்டிய இறக்க விட்டுடாதீங்க. சாவிய அணைச்சுப் போட்டா சரியாகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கிளட்ச் பிளேட் தேஞ்ச பெட்டி சாவிக்கெல்லாம் அடங்காது. 'டி'யில போட்டா தாமதிச்சு உதைக்கும், வழுக்கும், எண்ணெய் கறுத்துப் போகும். உங்க காடியில கம்ப்யூட்டருக்கு வேகக் கணக்கு வரல, அதனால கியர் மாத்துற சோலினாய்டுக்கு (மின்காந்த வால்வு) போற கரண்ட வெட்டிடுது. வெட்டினா அந்தப் பெட்டி தானா மூணுக்குத்தான் வரும். மேல சேதமாகாம வீடு போய்ச் சேரட்டும்னு அப்படிச் செஞ்சு வச்சிருக்கான்.

இந்த மிட்சுபிஷி பெட்டியில வேகம் எண்ண பல்ஸ் ஜெனரேட்டர்னு ரெண்டு சென்சர் இருக்கு. ஒண்ணு இஞ்சின் பக்கத்துலேர்ந்து உள்ள வர்ற சுழற்சிய எண்ணும், இன்னொண்ணு சக்கரத்துக்குப் போற சுழற்சிய எண்ணும். ஸ்பீட் மீட்டருக்குப் போறது வேற வழி, அது ஓடுதுன்னு இத நம்பாதீங்க. உள்ள இருக்கிறது மயிரிழைக் கம்பிச் சுருள். கால் நூற்றாண்டுக்கு மேல சூட்டுல வெந்திருக்கு. எங்கயாவது ஒரு இழை விட்டிருந்தா, ஆறினா ஒட்டிக்கும், சூடானா விலகும். காலையில அளந்து பாத்தா நல்லாத்தான் காட்டும், ஆளையே ஏமாத்திடும். நான் பட்டறை வச்சிருந்த காலத்துல இப்படி ஏமாந்து நல்ல பெட்டியப் பிரிச்சவங்கள எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். அந்த வயித்தெரிச்சல்லதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

பெட்டி மேல நாலு ஒயர் சாக்கெட் ஒண்ணு வரும். ரெண்டு ஜோடி. சாவிய அணைச்சு, சாக்கெட்டக் கழட்டி, சென்சர் பக்கம் ஜோடி ஜோடியா மீட்டர் வச்சு ஓம் (மின்தடை) பாருங்க. ஆறின நிலையில 215-லேர்ந்து 275-க்குள்ள இருக்கணும். அப்புறம் கோளாறு வந்த அந்த நிமிஷமே நிறுத்தி இன்னொரு தடவ அளக்கணும். சூட்டுல கொஞ்சம் ஏறும், அது செம்புக் கம்பியோட இயற்கை. ஆனா ஏறி ஒரு இடத்துல நிக்கணும். குதிச்சா சென்சர்தான்.

குளுவாங் வீரா:

போமன் அண்ணன் சொல்வது சரி. ஆனால் சென்சர் வாங்குமுன் சாக்கெட்டை உற்றுப் பாருங்கள். என் காடியிலும் இதே மூன்றாம் கியர் தொல்லை. கழற்றினால் ஊசியெல்லாம் பச்சைக் களிம்பு, ஒரு ஒயரின் தோல் ரொட்டித் துண்டு மாதிரி உதிர்ந்தது. ஒயரை மாற்றியதும் தீர்ந்தது. பெட்டியிலிருந்து போகும் எர்த் ஒயரையும் ஒரு தடவை சுரண்டி முறுக்கிவிடுங்கள்.

எண்ணெய் அளவை இந்தப் பெட்டிக்கு 'என்' (நியூட்ரல்) நிலையில்தான் பார்க்க வேண்டும், சூடான பிறகு, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது. டொயோட்டா வைத்திருப்பவர்கள் 'பி'யில் (பார்க்) பார்க்கச் சொல்வார்கள், அது அவர்கள் காடிக்கு. ஊற்றுவதாக இருந்தால் எஸ்.பி.3 ரக கியர் எண்ணெய் கேளுங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே எண்ணெய் இல்லை.

லிந்தாங் ரோட்டுக்காரன்:

ஞாயிறு அளந்தேன். காலையில் வாசலில் முதல் ஜோடி 248, இரண்டாவது 251. பார்த்ததும் மனசு விட்டுப்போனது, 3800 வெள்ளிதான் போலிருக்கிறது என்று.

பிறகு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு கோலகங்சார் போகும் பழைய ரோட்டில் ஓட்டினேன். அரை மணி நேரத்தில் அந்த உதறல் வந்தது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். மீட்டரை அப்பா பிடித்துக்கொண்டார், நான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கம்பியை வைத்தேன். இரண்டாவது ஜோடி 302-ல் அசையாமல் நின்றது. முதல் ஜோடி 310 காட்டியது, 900-க்குத் தாவியது, பிறகு எண்ணெல்லாம் மறைந்து இடது ஓரத்தில் ஒரு '1' மட்டும் தனியாக நின்றது. "ஒண்ணு காட்டுதே, ஒரு ஓமாடா?" என்று அப்பா கேட்டார். சாக்கெட் ஊசிகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

ஈப்போவில் ஹாப்கட் கடையில் (பழைய காடிகளிலிருந்து கழற்றிய சாமான் விற்கும் கடை) இந்த சென்சருக்கு 120 வெள்ளி சொல்கிறார்கள். வாங்கலாமா?

பழைய போமன், பாகான் செராய்:

அந்த '1' ஒரு ஓம் இல்ல, கம்பி அறுந்திருக்குன்னு அர்த்தம். அப்பாகிட்ட சொல்லுங்க, பெட்டி நல்லா இருக்கு.

ஹாப்கட் சாமானும் அதே வயசுதான். மீட்டரையும் ஒரு ஹேர் டிரையரையும் கடைக்கே எடுத்துட்டுப் போங்க. அஞ்சு நிமிஷம் சூடு காட்டி அளந்து பாத்துட்டு அப்புறம் காசு கொடுங்க. மாட்டும்போது ஓ-ரிங் புதுசாப் போடுங்க, சுத்தியும் தொடச்சிட்டுக் கழட்டுங்க, மண்ணு உள்ள விழக்கூடாது.

லிந்தாங் ரோட்டுக்காரன்:

கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் டிரையருக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தார். முதலில் எடுத்த சென்சர் சூட்டில் குதித்தது, இரண்டாவது அசையாமல் நின்றது. அதை மாட்டி ஈப்போவுக்கு ஆறு தடவை போய் வந்தாயிற்று. நேற்று திரும்பும்போது ஒரு ஏற்றத்தில் மூன்றுக்கு இறங்கி, மேலே வந்ததும் தானாக நாலுக்குப் போனது. அப்பா தூக்கத்திலிருந்து விழிக்கவே இல்லை.