தி தின் மேன் (1934): எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: நிக், நோரா தம்பதி துப்பறியும் படங்கள் மொத்தம் ஆறாமே? வரிசையாகத்தான் பார்க்க வேண்டுமா?

பதில் 1: முதல் படமான தி தின் மேனை விட்டுவிடாதீர்கள். கொலையாளி யார் என்பதைவிட நிக்காக வரும் வில்லியம் பவலும் நோராவாக வரும் மிர்னா லாயும் பேசிக்கொள்வதுதான் அதில் விருந்து. நிக் குடிப்பது ஆறாவது மார்டினி (ஒரு மதுக் கலவை) என்று தெரிந்ததும் நோரா கோபப்படுவதில்லை. தனக்கும் ஐந்தைக் கொண்டுவந்து வரிசையாக வைக்கச் சொல்கிறாள். கணவனைத் திருத்த வராத, அவனுக்குச் சமமாக நிற்கிற மனைவி! எனக்கு அந்தக் காலப் படங்களில் இவளைப் போல் இன்னொருத்தி இல்லை. திரைக்கதை எழுதிய ஆல்பர்ட் ஹாக்கெட், பிரான்செஸ் குட்ரிச் இருவரும் நிஜத்திலும் கணவன் மனைவி. வசனத்தில் அது தெரியும். அப்புறம், கிறிஸ்துமஸ் காலையில் சோபாவில் படுத்தபடி நிக் கிறிஸ்துமஸ் மரத்து பலூன்களைச் சுடுவதைக் கவனியுங்கள், நோராவின் முகத்தையும்.

பதில் 2: அடுத்து 1936இல் வந்த ஆஃப்டர் தி தின் மேன். கதை சான் பிரான்சிஸ்கோவுக்கு நகரும், இளம் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் உண்டு. 1947இல் வந்த கடைசிப் படம் வரை அவசரமில்லை.

கேட்டவர்: சரி, இந்த சனிக்கிழமை முதல் படம். நிக், நோராவின் நாய் ஆஸ்டா எல்லாவற்றிலும் வருமா?

பதில் 1: ஆறிலும் வரும்!