அட்லரின் உளவியலைப் படித்து வன்னியில் உளவளத்துணை செய்யலாமா?

பரந்தன் முன்பள்ளி:

கிளிநொச்சி நகரில் வார இறுதிகளில் நடக்கவிருக்கும் ஓராண்டு உளவளத்துணைப் (கவுன்சலிங்) பயிற்சிக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள். அல்பிரட் அட்லரின் தனியாள் உளவியலை அடிப்படையாகக் கொண்டது. முன்பள்ளி ஆசிரியர்கள், மாதர் சங்கங்களில் இருப்பவர்கள், கிராமங்களில் ஏற்கெனவே உளசமூகப் பணி செய்பவர்கள் சேரலாம். எனக்குச் சேர விருப்பம். வேண்டாம் என்று தடுப்பவர்களும் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

போருக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த பயிற்சிகளுக்குக் குறைவில்லை. மனவடுவின் அறிகுறிகளைச் சொல்லித் தந்தார்கள், குறுக்கிடாமல் கேட்கப் பழக்கினார்கள். அது தேவைதான். ஆனால் என்னிடம் வரும் பெண்கள் இன்று கேட்பது வேறு. மகன் பாடசாலைக்குப் போக மறுக்கிறான். கடன் தவணை வாங்க வரும் நாளில் கை நடுங்குகிறது. மூத்த மகள் வீட்டில் எவரோடும் பேசுவதில்லை. "என்ன செய்யலாம் ரீச்சர்?" என்கிறார்கள். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் போதவில்லை.

அட்லர் வியன்னா நகர வைத்தியர். உளப்பகுப்பாய்வைத் தொடக்கிய பிராய்டுடன் இருந்து 1911இல் பிரிந்தவர். கடந்தகாலம் மட்டும் மனிதனைத் தள்ளிக்கொண்டு போவதில்லை, அவன் எட்ட நினைக்கும் இலக்கும் அவனை நடத்துகிறது என்றார். பிறந்த பிள்ளை பெரியவர்கள் நடுவில் தன்னைச் சிறியதாக உணர்கிறது. அந்தத் தாழ்வுணர்விலிருந்து மேலெழ அது கண்டுபிடிக்கும் வழி, ஐந்தாறு வயதுக்குள் ஒரு வாழ்க்கைப் பாணியாகப் படிந்துவிடுகிறது. தொழில், சக மனிதரோடு உறவு, காதலும் இல்லறமும் என்று மூன்று பணிகளை வாழ்க்கை எல்லோர் முன்னாலும் வைக்கிறது. அவற்றைச் சந்திக்கும் துணிவு குறையும்போதுதான் மனிதன் முடங்குகிறான். ஆகவே உளவளத்துணையாளரின் முதல் வேலை ஊக்கம் கொடுப்பது. இந்தச் சிந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பெண்களை நோயாளிகளாகப் பார்க்கச் சொல்லவில்லை.

முள்ளியவளையான்:

அக்கா, உங்கள் உழைப்பை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் பயிற்சி எங்கள் ஊருக்கு ஏற்றதல்ல.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. நோய்க்குறிக்கும் ஒரு நோக்கம் உண்டு என்பது அட்லரின் கொள்கை. பயம், சோர்வு, தலைவலி ஆகியவற்றைக் காரணம் காட்டி மனிதன் வாழ்க்கைப் பணி ஒன்றைத் தட்டிக்கழிக்கிறான், தன் மதிப்பைக் காத்துக்கொள்கிறான் என்பார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த தாயிடம் போய், "இந்தத் துயரம் உங்களுக்கு எதற்குப் பயன்படுகிறது?" என்று கேட்க முடியுமா? போர் முடிந்த 2009 மே மாதத்தில் தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று அவர் அரசைக் கேட்கிறார். பதில் கிடைக்காமலேயே கண்மூடிய பெற்றோர் எத்தனையோ பேர். அவர்களிடம் குறையைத் தேடுவது அநியாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 2017இல் கேப்பாப்புலவு, பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படையிடம் இருந்த தங்கள் காணிக்காக ஜனவரி இறுதியில் தெருவோரம் உட்கார்ந்தார்கள். மார்ச் முதலாம் திகதி காணி விடுபட்டது. அன்று வளவுக்குள் கால் வைத்த முதியவர்களின் முகத்தை நான் பார்த்தேன். எந்த உளவளத்துணையும் அந்த மாற்றத்தைத் தந்திருக்காது. காணி, கடன், நீதி என்ற மூன்றும் வெளியே கிடக்க, மனிதனின் உள்ளத்தைத் திருத்தப் புறப்படும் பயிற்சிகளை நான் நம்பமாட்டேன்.

விசுவமடு ரீச்சர்:

தம்பி, காணியைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அட்லரைத் தனிமனிதனைக் குற்றம் சொல்பவராகக் காட்டுவது சரியல்ல. 1898இல் அவர் எழுதிய முதல் நூலே தையல் தொழிலாளரின் உடல்நலம் பற்றியது. இருட்டறை, நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி ஆகியவை எப்படி நோயாகின்றன என்று அதில் காட்டினார். எங்கள் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைப் பஸ்ஸில் விடியுமுன் ஏறிப் போகிறார்கள். அவர்களுக்கு அந்நியமான சிந்தனையா இது? முதலாம் உலகப் போரில் இராணுவ வைத்தியராக இருந்து, போரின் அழிவைக் கண்ட பிறகுதான் சமூக உணர்வு, அதாவது மற்றவர்களோடு சேர்ந்தவன் என்ற உணர்வும் அவர்கள் மேல் அக்கறையும், என்பதைத் தன் கொள்கையின் நடுவில் வைத்தார். தோற்றுப்போன, பசித்த வியன்னாவில் பாடசாலைகளோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கான ஆலோசனை நிலையங்களை உருவாக்கினார். ஆசிரியரும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசினார்கள். 1934இல் சர்வாதிகார ஆட்சி வந்து அவற்றை மூடியது. போர் முடிந்த ஊரில், காசில்லாத ஊரில் பிறந்த வேலை அது.

வகுப்பறையில் நான் கண்டதையும் சொல்கிறேன். அட்லரின் மாணவர் ருடோல்ஃப் டிரைக்கர்ஸ் பிள்ளைகளின் குழப்படிக்குப் பின்னால் நான்கு தவறான இலக்குகளைக் கண்டார்: கவனத்தை ஈர்த்தல், அதிகாரம் காட்டுதல், பழிவாங்குதல், தன்னால் ஒன்றும் முடியாது என்று ஒதுங்குதல். எது என்று அறிய ஆசிரியர் முதலில் தன் மனதைப் பார்க்க வேண்டும். எரிச்சல் வந்தால் பிள்ளை கவனத்தைத் தேடுகிறது. "நீயா நானா பார்ப்போம்" என்று கோபம் வந்தால் அது அதிகாரப் போட்டி. மனம் நொந்தால் பழிவாங்கல். "இவனை என்ன செய்வது?" என்று கை சோர்ந்தால், பிள்ளையும் உள்ளுக்குள் சோர்ந்துவிட்டது.

தரம் 8இல் ஒரு பையன். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறார், அம்மம்மா வளர்க்கிறார். கொப்பியைத் திறப்பான், திகதி எழுதுவான், கோடு போடுவான், அதோடு நிறுத்திவிடுவான். சோம்பேறி என்று எல்லோரும் எழுதிவைத்துவிட்டார்கள். அவன் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை, கைதான் சோர்ந்தது. அது நான்காவது இலக்கு என்று தெரிந்ததும் அவனிடம் கேட்கும் அளவைக் குறைத்தேன். ஒரு பந்தி வேண்டாம், வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளைப் பற்றி ஒரு வரி எழுது என்றேன். "தண்ணீருக்கு முதல் சருகு வந்தது" என்று எழுதினான். கெட்டிக்காரன் என்று புகழவில்லை. "சருகு முதலில் வந்ததை நீ கவனித்திருக்கிறாய்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் இரண்டு வரி. இப்போது அரைப் பக்கம் எழுதுகிறான். கணிதத்தில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறான். சாதாரண தரப் பரீட்சையில் என்ன ஆகும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். ஆனால் பாடசாலைக்கு வருகிறான். இதற்குக் காணி விடுதலை வரும்வரை காத்திருக்க வேண்டுமா, தம்பி?

முள்ளியவளையான்:

ரீச்சர், பாடசாலைக்குள் அது பயன்படும், அதில் எனக்குத் தடையில்லை. கிராமத்து வீடுகளுக்குள் போகும்போதுதான் சிக்கல்.

இந்தப் பயிற்சியில் "உங்கள் முதல் நினைவு என்ன?" என்று கேட்கும் முறை ஒன்று உண்டு. சிறுவயதின் ஆரம்ப நினைவைச் சொல்லவைத்து, அதிலிருந்து ஒருவருடைய வாழ்க்கைப் பாணியை வாசிப்பார்கள். அமைதியான நாட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் நினைவு வரும், இன்னொருவருக்கு நாய் துரத்தியது நினைவு வரும். எங்கள் பக்கத்தில் 2004, 2005இல் பிறந்தவர்களின் முதல் நினைவு பதுங்கு குழி. பதுங்கு குழிக்குள் யார் இருந்தார்கள், வெளியே வந்தபோது யார் இல்லை என்பதுதான் அடுத்த வரி. ஓராண்டு வார இறுதியில் படித்த ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நாலரை பஸ்ஸுக்கு எழும்பிவிடுவார். அன்றிரவு அந்தப் பிள்ளையோடு யார் இருப்பது?

அட்லரின் நிலையங்களில் போல எல்லோர் முன்னிலையிலும் ஆலோசனை சொல்வதும் இங்கே ஆகாது. ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குப் புதியவர் போனாலே யார், எங்கிருந்து என்று விசாரிப்பார்கள். போருக்குப் பிறகு தடுப்பு முகாமில் இருந்து வந்த ஒருவர் சபையில் வாய் திறப்பாரா? அவர் சொன்னது எந்தக் காதுக்குப் போகும் என்று எவரால் உத்தரவாதம் தர முடியும்?

மாங்குளம் தாதி:

உளநலப் பிரிவில் வேலை செய்தவள் என்பதால் இடையில் வருகிறேன். முதல் நினைவு பற்றி முள்ளியவளைத் தம்பி சொன்ன ஆபத்து உண்மை. அந்தக் கேள்வி முதற் சந்திப்புக்கு உரியதல்ல. திரும்பவும் சந்திக்க முடியாத ஒருவரிடம் கேட்கவே கூடாது. உறக்கமே இல்லாதவர், குரல்கள் கேட்பவர், சாக வேண்டும் என்று பேசுபவர் எவராயினும் ஊக்கம் கொடுத்துக்கொண்டிராமல் வைத்தியசாலைக்கு அழைத்து வர வேண்டும். வர மறுத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்காவது அழைக்க வேண்டும். பயிற்சியின் முதல் நாளே இது மனதில் பதியாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

நோக்கம் பற்றியும் ஒரு சொல். இழப்பால் வரும் துயரம் நோய்க்குறி அல்ல. அதற்கு நோக்கம் தேடுபவர் அட்லரைத் தவறாகப் படித்தவர். அட்லர் கேட்ட கேள்வி வேறு: "இந்தத் தொல்லை இல்லாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" வயிற்றெரிவோடு கிளினிக்குக்குத் திரும்பத் திரும்ப வந்த ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டேன். "மகளின் வீட்டுக்குப் போய் இருப்பேன்" என்றார். மருமகனோடு கதைத்துப் பல காலமாம். வயிற்றுக்கு மருந்து கொடுத்தோம். மகளையும் கிளினிக்குக்கு வரச் சொன்னோம். இரண்டும் தேவைப்பட்டன.

பிறப்பு வரிசையைப் பற்றிய பாடத்தை மட்டும் அப்படியே விழுங்க வேண்டாம். மூத்தவர் இப்படி, இளையவர் அப்படி என்று குணம் சொல்லும் பகுதி அது. 2015இல் வெளியான பெரிய ஆய்வுகள், பிறப்பு வரிசைக்கும் குணத்துக்கும் சொல்லத்தக்க தொடர்பு இல்லை என்று காட்டின. ஆனால் குடும்பத்தில் ஒரு பிள்ளை தன் இடத்தை எப்படி உணர்கிறது என்பதைத்தான் அட்லர் முக்கியமாகக் கருதினார். அண்ணனை இழந்து பதினான்கு வயதில் மூத்தவளாகிவிட்ட பிள்ளைகளை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோமே. அதைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் பாதிப்பைத் தனியாட்களின் நோயாக மட்டும் பார்க்காமல், குடும்பமும் சமூகமும் சேர்ந்து பட்ட காயமாக எழுதினார். சமூக உணர்வைப் பற்றிய அட்லரின் பேச்சு அந்த இடத்தில்தான் எங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

கனடாவில் இருந்து வன்னியன்:

மேற்பார்வைதான் குறை என்றால், இங்கே தகுதி பெற்ற தமிழ் உளவளத்துணையாளர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை இணையவழியில் அவர்களோடு பேசலாம். செலவை நாங்கள் சிலர் சேர்ந்து பார்க்கலாம்.

பரந்தன் முன்பள்ளி:

நன்றி அண்ணா. பணத்தைவிட அந்த நேரம் பெரிது. ஆனால் நுண்கடன் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவளுடைய வாசலில் போய் நிற்பதை நேரில் அறிந்த ஒருவரும் மேற்பார்வையில் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். தவணை நாளில் கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்கும் சத்தம் போடாதே என்று சொல்லிவைத்திருந்தார். "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்பதுதான் அவர் வாயில் வரும் ஒரே வசனம். அவரிடம் அறிகுறிகளைக் கேட்டு என்ன பயன்? கடன் அட்டைகளை எல்லாம் எடுக்கச் சொல்லிப் பாயில் பரப்பினோம். எந்தக் கடன் எதை அடைக்க எடுத்தது என்று அவரே பென்சிலால் கோடு போட்டார். ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. அதே நிலையில் இருந்த இன்னும் சிலரோடு பேசவைத்தேன். எல்லோரும் சேர்ந்து பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். கடன் குறையவில்லை, தவணையை நீட்டித்தார்கள். ஆனால் அங்கே மற்றவர்களுக்காகப் பேசியது இந்தப் பெண்தான். அவர் இப்போது கதவைச் சாத்துவதில்லை. தம்பி, கடனையும் உள்ளத்தையும் தனித்தனியே வைத்து இதைச் செய்திருக்க முடியாது.

முள்ளியவளையான்:

அக்கா, அந்தப் பெண்ணோடு பாயில் உட்கார்ந்தது நீங்கள். பயிற்சி அல்ல. உங்களைப் போன்றவர் பயிற்சி இல்லாமலும் அதைச் செய்வார். சான்றிதழுக்காக வருபவர் பயிற்சி பெற்றும் செய்யமாட்டார். என் எண்ணம் மாறவில்லை. அரசு ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் போதிய உளவளத்துணை உத்தியோகத்தர்களைச் சம்பளத்தோடு நிரந்தரமாக நியமிக்க வேண்டும். தொண்டர்களின் முதுகில் இந்தச் சுமையை ஏற்றுவதை நாங்கள் ஏற்கத் தொடங்கினால் அந்த நியமனம் வரவே வராது.

சேர்வதாக முடிவெடுத்தால் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீடுகளில் படம் எடுக்கக் கூடாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களை மாணவர்களின் செய்முறைப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒருவர் சொன்னதை நிதி கொடுத்தவருக்கான அறிக்கையில், பெயரை மாற்றியும், எழுதக் கூடாது.

விசுவமடு ரீச்சர்:

மூன்றையும் நானும் ஏற்கிறேன். நியமனம் வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் நியமனம் வரும்வரை அந்தப் பையனின் கொப்பி வெறுமையாக இருக்க நான் விடமாட்டேன்.

பரந்தன் முன்பள்ளி:

சனிக்கிழமை ஏற்பாட்டாளர்களைச் சந்திக்கிறேன். தம்பி சொன்ன மூன்றோடு, பயிற்சி முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகளாவது மேற்பார்வை தருவீர்களா, வைத்தியசாலை உளநலப் பிரிவோடு எழுத்து மூலமான தொடர்பு இருக்கிறதா என்றும் கேட்பேன். மாங்குளம் அக்கா, அன்று வேலை இல்லாவிட்டால் நீங்களும் என்னோடு வாருங்கள். அவர்கள் தரும் பதிலைத் திங்கட்கிழமை இங்கே அப்படியே எழுதுகிறேன். பணம் கட்டுவது அதற்குப் பிறகுதான்.