ஜெனரேட்டிவிட்டி: 'ஆக்கத்திறன்' வேண்டாம், 'தலைமுறை பேணல்' இருக்கட்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

முதுமை வரையிலான உளவளர்ச்சிக்கு நாம் திரட்டும் சொற்பட்டியலில் ஜெனரேட்டிவிட்டிக்கு, அதாவது அடுத்த தலைமுறையை வளர்த்தெடுக்கும் அக்கறைக்கு, நேரே 'ஆக்கத்திறன்' என்று இருக்கிறது. இதை அப்படியே விட்டால் கருத்தே மாறிவிடும்.

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-இல் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். கடைசி மூன்று இவை: இளமைக்காலத்தில் நெருக்கமா ஒதுங்கலா என்ற இழுபறி, நடுவயதில் ஜெனரேட்டிவிட்டியா தேக்கமா என்பது, முதுமையில் வாழ்ந்த வாழ்வை ஏற்பதா கசந்துபோவதா என்பது. நடுவயதுக் கட்டத்தைப் பற்றி அவர் சொன்னது, அடுத்த தலைமுறையை நிலைநிறுத்தி வழிகாட்டுவதில் உள்ள அக்கறை. உற்பத்தித்திறன், படைப்பாற்றல் இரண்டும் இதற்குள் அடங்கும், ஆனால் இதற்கு ஈடாகாது என்பதையும் அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். 'ஆக்கத்திறன்' என்று வைத்தால் அவர் விலக்கிய பொருள்தான் வாசகர் மனதில் முதலில் வந்து நிற்கும்.

போன மடலில் ஒருவர் 'மகப்பேணல்' என்றார். நல்ல ஓசை. ஆனால் பிள்ளை பெற்றதாலேயே இது வந்துவிடாது, பெறாததாலேயே இல்லாமலும் போகாது. உளவியலாளர் ஜான் கோட்ரே 1984-இல் இதை நான்காக வகுத்தார்: பெறுவது, வளர்ப்பது, கைத்தொழிலைக் கற்றுக்கொடுப்பது, ஒரு பண்பாட்டின் பொருளைக் கையளிப்பது. பின்னிரண்டில் பெற்றோர் என்ற உறவே தேவையில்லை. மூத்த செவிலியர் ஒருவர் புதிதாக வந்தவரிடம், "அவசரப்படாதே, ஊசியை எடுக்கும் முன்னே நரம்பை விரலால் தொட்டுப் பார், கண்ணை நம்பாதே" என்று அந்த விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைக்கிறார். அவருக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்க வேண்டியதே இல்லை. எரிக்சன் சொன்னது அந்தக் கையில் இருக்கிறது. நம் சொல் அவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை 'புறந்தரல்', அதாவது பேணி வளர்த்தல். புறநானூற்றில் பொன்முடியார், "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்கிறார். பாட்டை அங்கேயே நிறுத்தாமல் மேலே படியுங்கள். சான்றோன் ஆக்குவது தந்தைக்குக் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்குக் கடன், நன்னடை நல்குவது வேந்தனுக்குக் கடன். பாட்டின் களம் போர்தான். ஆனாலும் ஓர் இளையவனை உருவாக்கும் பொறுப்பைத் தாய் தொடங்கி ஊருக்கே பங்கிட்டுக் கொடுக்கிறது. கோட்ரேயின் பகுப்புக்கு இவ்வளவு அருகில் வரும் இன்னொரு பாட்டு எனக்கு நினைவில்லை. இருந்தும் இதைக் கலைச்சொல்லாக்கத் தயங்குகிறேன். இன்றைய காதுக்கு 'புறந்தரல்' என்றதும் 'புறந்தள்ளல்' நினைவுக்கு வரும். பொருள் நேர் எதிர். தேர்வு எழுதும் மாணவர் பக்கத்துக்குப் பக்கம் அகராதி புரட்ட வேண்டியிருந்தால் அந்தச் சொல் நிலைக்காது.

ஆகவே என் பரிந்துரை 'தலைமுறை பேணல்'. இரண்டாம் வேற்றுமைத் தொகை, எனவே நடுவில் 'ப்' மிகாது. கலைச்சொல் என்றால் வாக்கியத்தில் மடங்கி நிமிர வேண்டும் அல்லவா, போட்டுப் பார்த்தேன்: 'தலைமுறை பேணும் மனப்பாங்கு', 'தலைமுறை பேணல் குறைந்தவர்கள் தேக்கத்தை உணர்கிறார்கள்'. உளவியலாளர்கள் டேன் மெக்ஆடம்ஸும் எட் டி செயின்ட் ஆபினும் இதை அளக்க 1992-இல் வெளியிட்ட 20 கூற்றுகள் கொண்ட அளவுகோலைத் 'தலைமுறை பேணல் அளவுகோல்' என்றால் உறுத்தவில்லை. நீளம்தான் குறை. 'வழிப்பேணல்' என்று சுருக்கலாம், ஆனால் அது சாலைப் பராமரிப்பு போல ஒலிக்கிறது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. இந்த நடுவயதுக் கட்டத்தில் விளையும் பண்பாக எரிக்சன் குறிப்பதும் பேணுதலைத்தான். இரண்டுக்கும் 'பேணல்' என்றால் குழப்பம். பண்புக்கு 'பரிவு' என்பதைவிட 'அக்கறை' பொருத்தம் என்பேன். பரிவில் இரக்கம் கலந்திருக்கிறது. அக்கறை, நாம் உண்டாக்கியதற்குப் பொறுப்பேற்பது.

அப்புறம், முதுமைக்குரிய எட்டாம் கட்டத்தின் 'இன்டெக்ரிட்டி'க்கு 'நேர்மை' என்று யாரோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அங்கே பேசப்படுவது ஒழுக்கம் அல்ல. இதுதான் என் வாழ்க்கை, இதற்கு மாற்று இல்லை என்று முழுதாக ஏற்கும் நிலை. 'தன்னிறைவு' பொருளாதாரத்துக்குப் போய்விட்டது. 'வாழ்வுநிறைவு' எனலாம். எதிர்ப்பக்கத்துக்கு 'விரக்தி' போதுமா? இன்னொரு வாழ்வைத் தொடங்க நேரமில்லையே என்ற தவிப்பு அதில் முழுதாக வரவில்லை என்று படுகிறது. 'நிராசை' அதற்குக் கொஞ்சம் நெருங்கி வருகிறது. முதியோர் மருத்துவத்தில் இருப்பவர்கள், நோயாளிகள் வாயில் எந்தச் சொல் வருகிறது என்று எழுதினால் அதை வைத்தே முடிவு செய்யலாம்.