கருத்துப்பெட்டியை மூடாமல் பிங்பேக் குப்பையை மட்டும் நிறுத்த முடியுமா?

நெல்வயல்:
வணக்கம். பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றி வேர்ட்பிரஸில் ஒரு தளம் வைத்திருக்கிறேன், சொந்த ஹோஸ்டிங். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று ரகத்துக்கு ஒரு பதிவு, அதற்குக் கீழே விவசாயிகள் எழுதும் அனுபவங்கள். என்னைக் கேட்டால் பதிவைவிட அந்தக் கருத்துகளுக்குத்தான் மதிப்பு அதிகம். இப்போது மெயிலைத் திறந்தால் ‘புதிய பிங்பேக், அனுமதிக்கவா?’ என்று வரிசையாகக் கிடக்கிறது (இன்னொரு தளம் நம் பதிவுக்கு இணைப்பு கொடுத்தால் தானாக வரும் அறிவிப்புதான் பிங்பேக்). எல்லாம் சூதாட்டத் தளம், மாத்திரை விற்கிற தளம், இல்லாவிட்டால் என் பதிவையே அப்படியே எடுத்துப் போட்டிருக்கும் ஏதோ ஒரு தளம். செட்டிங்ஸில் டிஸ்கஷன் பக்கத்துக்குப் போய், பிற தளங்களிலிருந்து இணைப்பு அறிவிப்பை அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிட்டேன். அப்படியும் நிற்கவில்லை. கருத்துகளை மூடச் சொல்லாதீர்கள், விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டு மிகப் பழைய பதிவுகளுக்கும் இன்றுவரை ஆட்கள் வருகிறார்கள். வேறு வழி இருக்கிறதா?

கோடங்கி:
அந்த டிக் இனிமேல் எழுதும் பதிவுகளுக்கு மட்டும்தாங்க. ஏற்கெனவே வெளியான ஒவ்வொரு பதிவும் தனக்கென்று ஒரு பிங் நிலையை, அதாவது இந்த அறிவிப்புகளை ஏற்பதா வேண்டாமா என்பதை, டேட்டாபேஸில் வைத்திருக்கும், நீங்கள் பொது அமைப்பை மாற்றினாலும் அது அசையாது. போஸ்ட்ஸ் பட்டியலுக்குப் போய் எல்லாப் பதிவுகளையும் தேர்ந்தெடுங்கள், பல்க் ஆக்‌ஷன்ஸில் எடிட் கொடுத்து அப்ளை அழுத்துங்கள். அங்கே காமெண்ட்ஸ், பிங்ஸ் என்று இரண்டு பெட்டிகள் தனித்தனியாக வரும். பிங்ஸில் மட்டும் டூ நாட் அலோ, காமெண்ட்ஸை நோ சேஞ்சிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் விவசாயிகள் எழுதியதற்கு ஒன்றும் ஆகாது. ஸ்கிரீன் ஆப்ஷன்ஸில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பதிவு என்பதைக் கூட்டிக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் சின்ன ஹோஸ்டிங்கில் ஒரேயடியாக எல்லாவற்றையும் போட்டால் பாதியில் நின்றுவிடும்.

வலைக்காரன்:
இவ்வளவு எதற்கு, பிங்பேக் வந்து சேரும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பைத் தூக்கிவிட்டால் முடிந்தது.

பனையோலை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேர்ட்பிரஸின் மூலக் கோப்பு அது, அடுத்த அப்டேட்டில் திரும்ப வந்துவிடும். ஜெட்பேக் போன்ற, கூடுதல் வசதி தரும் பிளகின்கள் அந்த வழியாகத்தான் தளத்தோடு பேசுகின்றன, அவையும் படுத்துவிடும். அதைவிட முக்கியம், இதே மாதிரி இணைப்பு அறிவிப்பின் பழைய வடிவமான ட்ராக்பேக் வருவது வேறொரு கோப்பு வழியாக, ஆகவே அந்தப் பாதை திறந்தேதான் இருக்கும்.

ஏன் இவ்வளவு குப்பை வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ட்ராக்பேக் 2002-இல் மூவபிள் டைப் என்ற வலைப்பதிவு மென்பொருளோடு வந்தது. அனுப்புகிறவர் ‘உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன்’ என்று சொன்னால் போதும், உண்மையா என்று பார்க்கிற ஏற்பாடு அதில் கிடையாது. பிங்பேக் கொஞ்சம் உஷார், எதிர்த் தளத்தின் பக்கத்தைப் போய்ப் படித்து உங்கள் இணைப்பு அங்கே இருக்கிறதா என்று சரிபார்க்கும். ஆனால் உங்கள் பதிவை அப்படியே திருடிப் போடுகிறவன், நீங்கள் உள்ளே கொடுத்திருக்கும் இணைப்புகளையும் சேர்த்தேதானே எடுக்கிறான்? அதனால் சோதனையில் அவனும் தேறிவிடுகிறான்.

இந்த ‘போய்ப் படித்துவிட்டு வரும்’ வசதியை வைத்தே 2014 மார்ச்சில் 1,62,000-க்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களை ஒரே தளத்தைப் படிக்க ஏவிவிட்டு அதைத் திணறடித்தார்கள், சுகூரி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அதை விவரமாக எழுதியிருந்தது. அந்தத் தளங்களை நடத்தியவர்கள் யாரும் ஹேக் ஆகவில்லை, பிங்பேக் திறந்திருந்தது, அவ்வளவுதான். மூடிய பதிவுக்குப் பிங் வந்தால் வேர்ட்பிரஸ் எதிர்ப் பக்கத்தைப் படிக்கவே போகாது. ஆகவே கோடங்கி சொன்னதைச் செய்வது அடுத்தவருக்கும் நல்லது.

நெல்வயல்:
இருவருக்கும் நன்றிங்க. பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்து முடித்தேன், மெயில் பெரும்பாலும் நின்றுவிட்டது, கருத்துகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் கொஞ்சம் இன்னும் வருகிறது, அதில் பதிவின் தலைப்புக்குப் பதிலாகப் படத்தின் பெயர் இருக்கிறது. ஏற்கெனவே குவிந்ததை எப்படி அள்ளுவது? அப்புறம், உண்மையிலேயே யாராவது என் பதிவுக்கு இணைப்பு கொடுத்தால் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு முறை ஓர் இயற்கை விவசாயக் குழு இணைத்திருந்ததை பிங்பேக் மூலமாகத்தான் கண்டுபிடித்தேன், அதை இழக்க மனம் வரவில்லை.

கோடங்கி:
உங்களுடையது போன்ற பழைய தளங்களில் படங்களுக்கும் வேர்ட்பிரஸ் தனிப் பக்கம் வைத்திருக்கும், அதற்கும் பிங் நிலை உண்டு. மீடியா பட்டியலில் மேலே சொன்ன பல்க் எடிட் கிடையாது. டிசேபிள் காமெண்ட்ஸ் என்ற பிளகின் போட்டு மீடியா என்பதை மட்டும் டிக் செய்யுங்கள், போஸ்ட்ஸைத் தொடாதீர்கள். படத்தின் தனிப் பக்கத்தில் யாரும் வந்து விதை கேட்கப்போவதில்லை. குவிந்து கிடப்பதற்கு, காமெண்ட்ஸ் பக்கத்தின் மேலே வகை வடிகட்டியில் பிங்ஸைத் தேர்ந்தெடுத்தால் அவை மட்டும் தனியாக வரும், ஆனால் அழிக்கும் முன் அந்த விவசாயக் குழுவின் பிங்பேக் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.

பனையோலை:
யார் இணைத்திருக்கிறார்கள் என்பதற்கு, தளம் நடத்துகிறவர்களுக்கான கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் லிங்க்ஸ் பகுதியைப் பாருங்கள். உடனுக்குடன் வராது, எல்லா இணைப்பும் இருக்காது, ஆனால் எந்தத் தளம் எந்தப் பதிவுக்கு இணைத்திருக்கிறது என்று தெரியும். பார்த்துவிட்டு நல்ல தளமாக இருந்தால், அந்த ரகத்தின் பதிவில் நீங்களே ஒரு கருத்தாக அதை எழுதிவிடுங்கள். விதை தேடி வருகிறவருக்குப் பிங்பேக்கில் வரும் அந்தத் துண்டு வரியைவிட இது உதவும்.

நெல்வயல்:
மீடியாவை மூடியதும் முழுதாக நின்றுவிட்டது. விவசாயக் குழுவின் பிங்பேக்கை எடுத்து வைத்துவிட்டு மீதியை அழித்தேன். சர்ச் கன்சோலில் நான் கேள்விப்படாத ஒரு விதைச் சேகரிப்பாளரின் தளம் தெரிகிறது, அவருக்கு இன்றே எழுதுகிறேன்.