புதுப்பிப்பு: ரகசிய ஒப்பந்தத்தை மீறியவர்கள் மேல் என்ன செய்யலாம்?

போன மாதம் எழுதியதன் தொடர்ச்சி இது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் என் தேங்காய் உரிக்கும் கருவியின் வரைபடத்தை ஒரு நிறுவனத்திடம் காட்டினேன். ஆறே மாதத்தில் அவர்கள் விளம்பரத் தாளில் அதே கருவி. பிடி நழுவாமலிருக்க நான் அரத்தால் ராவிய மூன்று வெட்டுகள்கூட அப்படியே இருக்கின்றன.

வக்கீலைப் பார்த்துவிட்டேன். 'வெளியே வந்துவிட்டது, இனி காப்புரிமை (பேடன்ட்) கிடைக்காது' என்று பலர் சொன்னீர்கள். அது முழுக்கச் சரியில்லை. காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 29-இன்படி, என்னிடம் பெற்றதை என் சம்மதமில்லாமல் வெளியிட்டார்கள் என்று நிரூபித்தால் அந்த வெளியீடு தடையாகாது. ஆனால் விஷயம் தெரிந்ததும் தாமதிக்காமல் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் நானே வணிகமாக விற்றிருக்கவும் கூடாது. நான் ஒன்றுகூட விற்கவில்லை. செவ்வாயன்று தற்காலிக விண்ணப்பம் போட்டாயிற்று. கருவியை முழுமையாக விளக்கும் ஆவணமான முழு விவரக்குறிப்பைத் தர 12 மாத அவகாசம்.

அப்புறம் வழக்கு. வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது; ஒப்பந்தம்தான் பிடிமானம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73-இல் நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் நஷ்டத்தைக் காட்டியாக வேண்டும். விற்பனையே தொடங்காத எனக்கு அது சிரமம். அதனால் முதலில் இடைக்காலத் தடை கேட்கிறோம். அவர்கள் உற்பத்தி நின்றால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

வக்கீல் முதலில் கேட்டது, 'எதைக் காட்டினீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்பதைத்தான். ஒப்பந்தத்தோடு இணைத்த வரைபடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர்கள் தேதியோடு கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எடுத்து நீட்டினேன். "சரி, இது போதும், தாக்கல் செய்யலாம்" என்றார்.